விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டது, கடவுளை விடவும் மனமில்லை: என்ன செய்வது?

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறீர்கள். அப்பா இரண்டு வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். சபையே உபவாசமிருந்து ஜெபித்தது, இறந்துவிட்டார். அதிலிருந்து ஆராதனையில் வாய் மட்டும்தான் அசைகிறது. பாட்டி இந்து, அவர் நரகத்துக்குப் போவார் என்று பிரசங்கத்தில் கேட்டால் தாங்கவில்லை. பாஸ்டரிடம் சொன்னால் திங்கட்கிழமைக்குள் கடைத்தெருவுக்கே தெரிந்துவிடும். ஆனாலும் ராத்திரி படுக்கும்போது "ஆண்டவரே" என்றுதான் வாயில் வருகிறது. அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் சாட்சி சொல்ல, அதாவது கடவுள் செய்ததைச் சபை முன்னால் பேச, சொல்லியிருக்கிறார்கள். சபையை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, ராத்திரியில் வரும் அந்த ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மாற்கு 9:24இல் வலிப்பு வந்த பிள்ளையின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. இயேசுவின் சீஷன் தோமாவையும் பாருங்கள். காயத்தில் விரலை இட்டாலொழிய விசுவாசிக்கமாட்டேன் என்று சொன்னவன், எட்டு நாள் கழித்தும் அதே சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருக்கிறான் (யோவான் 20:26). அவன் போய்விடவுமில்லை, மற்றவர்கள் அவனைத் துரத்தவுமில்லை. நம்பிக்கை திரும்பிய பிறகுதான் ஜெபிப்பேன் என்று பலர் காத்திருப்பார்கள். காத்திருக்கிற மாதங்களில் பேச்சுப் பழக்கமே அற்றுப்போகும். சந்தேகத்தோடேயே பேசிக்கொண்டிருங்கள்.

அடுத்தது, சந்தேகம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மனசை அரிப்பதையெல்லாம் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். எழுதிய பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் "கேள்வி", "காயம்", "பயம்" என்று மூன்றில் ஒன்றைப் போடுங்கள். "இயேசு உயிர்த்தெழுந்தது நிஜமா?" என்பது கேள்வி. "உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை, அதனால்தான் அப்பா போய்விட்டார் என்று ஒரு அக்கா சொன்னார்" என்பது காயம். "இப்படி யோசிப்பதற்கே தண்டனை வருமோ" என்பது பயம். காயத்துக்கு விளக்கம் சொன்னால் ஆறாது; கேள்வியை அழுது தீர்க்கவும் முடியாது. பலருக்குச் சிக்கல் முற்றுவது இந்த இடத்தில்தான்: அப்பா போன துக்கத்துக்கு ராத்திரி ஒரு மணிவரை யூடியூப் விவாதங்களில் மருந்து தேடுவார்கள். விடியும்போது துக்கம் அப்படியே இருக்கும், கூடவே புதுக் கேள்வி நாற்பது சேர்ந்திருக்கும்.

உங்கள் காயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "விசுவாசம் குறைவு" என்ற அந்தப் பேச்சுக்கு வேதத்தில் ஆதாரம் மிக மெலிது. அப்போஸ்தலன் பவுல் தன் சரீரத்தில் இருந்த முள்ளை, அதாவது தன்னை வாட்டிய ஓர் உபத்திரவத்தை, எடுக்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். எடுக்கப்படவில்லை (2 கொரிந்தியர் 12:8-9). கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடேயே விட்டுவிட்டு வந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் வியாதிக்கு அவர் சொன்னது, கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்பதுதான் (1 தீமோத்தேயு 5:23). இவர்களில் ஒருவரையும் விசுவாசம் இல்லாதவர் என்று பவுல் சொல்லவில்லை. மாற்கு 9இலோ, அரைகுறை நம்பிக்கை உள்ள தகப்பனின் பிள்ளை குணமாகிறான். குணமாவதை விசுவாசத்தின் எடைக்குத் தராசு போட்டு நிறுக்கிறவர்கள் இந்த வசனங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் அப்பா இறந்தது உங்கள் ஜெபம் குறைந்ததால் அல்ல. இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இதோடு ஒட்டிய ஓர் எச்சரிக்கை. சந்தேகம் போக 21 நாள் உபவாசம் இரு, மாத்திரையை நிறுத்து, இன்சுலினை நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நம் குடும்பங்களில் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இல்லாத வீடு குறைவு. மருந்து போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

தினம் என்ன செய்வது? ஃபேக்டரி பஸ் விடியற்காலையிலேயே வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் காலையில் வேண்டாம், இரண்டே நாளில் விட்டுப்போகும். ராத்திரி குளித்துவிட்டு, பின்வாசல் படியில் பத்தே நிமிடம் உட்காருங்கள். கைப்பேசி உள்ளே இருக்கட்டும். முதல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு சங்கீதம் 13ஐ வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம்தான், அதன் முதல் இரண்டு வசனங்களிலேயே சங்கீதக்காரன் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான். கடைசி இரண்டு வசனங்களில் நம்பிக்கை திரும்புகிறது. அது தொண்டையில் சிக்கினால் அன்றைக்குச் சங்கீதம் 88ஐ எடுங்கள். அது ஆறுதல் இல்லாமலேயே முடியும். எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்". அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தையும் யாரும் வெட்டி எறியாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். பிறகு மாற்கு சுவிசேஷத்தில் அரை அதிகாரம். மொத்தம் பதினாறு அதிகாரம், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். கடைசியாக, நிஜமான ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "நீர் கேட்கிறீரா என்று எனக்கு நிச்சயமில்லை. அப்பா விஷயத்தில் உம்மேல் கோபமாக இருக்கிறேன்." அழகாக ஜோடிக்க வேண்டாம். மூன்றாம் நாளே ஏதாவது தோன்றியதா என்று மனசைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். முளைவிட்டதா என்று தினம் விதையைத் தோண்டிப் பார்த்தால் அது வேர் பிடிக்காது.

வேதாகமத்தின் பழைய திருப்புதல் (பழைய மொழிபெயர்ப்பு) தமிழ் புரியவில்லையென்றால் மலாய் வேதாகமமான அல்கிதாப்பையோ ஆங்கில வேதாகமத்தையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை. சில சந்தேகங்கள் சொல்லிலேயே கரைந்துவிடும். லூக்கா 14:26இல் தகப்பனையும் தாயையும் "வெறுக்க" வேண்டும் என்று இருக்கும். அது யூதப் பேச்சுவழக்கு. என்னைவிட அதிகமாய் நேசிக்காதே என்பதுதான் பொருள். மத்தேயு 10:37 அதே கருத்தை அப்படித்தான் சொல்கிறது.

கேள்வி வகையில் ஒரே ஒன்றை எடுத்து நான்கு வாரம் அதிலேயே இருங்கள். உயிர்த்தெழுதலில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15:14). கி.பி. 55ஐ ஒட்டி எழுதிய கடிதம் அது. இயேசுவைக் கண்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் அதில் சொல்கிறார். இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் மறைக்காமல் பாருங்கள்: கல்லறைக்குப் போன பெண்கள் என்று மாற்கு மூன்று பேரைச் சொல்கிறார், யோவான் மகதலேனா மரியாளை மட்டும் சொல்கிறார். மாற்கில் வெள்ளை அங்கி உடுத்த வாலிபன் ஒருவன், லூக்காவில் இரண்டு பேர். இந்த வித்தியாசங்களைச் சொன்னதும் கோபப்படுகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோகாதீர்கள். நான்கு சுவிசேஷங்களும் எங்கே ஒன்றாகச் சொல்கின்றன, எங்கே பிரிகின்றன என்று நோட்டில் நான்கு கட்டம் போட்டு நீங்களே நிரப்பிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

பயத்துக்கு வருவோம். பரிசுத்த ஆவிக்கு விரோதமான மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று இந்த நிலையில் பலர் நடுங்குவார்கள். மாற்கு 3:30ஐப் படியுங்கள். இயேசு ஏன் அப்படிச் சொன்னார் என்று அங்கேயே இருக்கிறது: கண்ணெதிரே நடந்த நன்மையைப் பிசாசின் வேலை என்று சிலர் சாதித்தார்கள். உங்கள் தவிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே மன்னிப்பு ஜெபத்தை இருபது முறை, முப்பது முறை சொன்னால்தான் நிம்மதி, அடுத்த நிமிடம் மறுபடியும் பயம் என்று ஆகிவிட்டால் அது மனநலச் சிக்கலாக இருக்கலாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில்) டாக்டரிடம் சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றாலும் அப்படித்தான். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான், தலைமாட்டில் அடையும் தண்ணீரும் இருந்தன, மறுபடியும் தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19). செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் மனம் உடைந்தவர்களிடம் பேசும் உதவி எண்ணான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூருக்கு, 03-7627 2929, உடனே போன் போடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

பாட்டி விஷயத்தில் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே பதில் சொல்வதில்லை, அது உங்களுக்குத் தெரிய வேண்டும். இயேசுவை அறிக்கையிடாமல் இரட்சிப்பில்லை என்று பல பெந்தெகொஸ்தே, சுவிசேஷச் சபைகள் போதிக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் (உலக ஆயர்கள் கூடிய மாநாட்டில்), தம் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்கள் மீட்பு அடைய முடியும் என்று அறிவித்தது. புராட்டஸ்டன்ட் இறையியலாளர்களிலும் இரு பக்கமும் ஆள் உண்டு. என் மனசு ஆபிரகாமின் கேள்வியில் நிற்கிறது: "சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ" (ஆதியாகமம் 18:25). பாட்டிக்குத் தீர்ப்பு எழுதும் வேலையை யாரும் உங்களிடம் கொடுக்கவில்லை. அவருக்குக் கால் பிடித்துவிடுங்கள், கோப்பி கலக்கிக் கொடுங்கள்.

சபையை விடவா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். துக்கத்தின் முதல் வருடத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்காமல் இருப்பது நல்லது. பாடல் குழுவில் இருந்தால் மூன்று மாதம் மைக்கைக் கொடுத்துவிடுங்கள். "அப்பா போனதிலிருந்து தொண்டை வரவில்லை" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. நாற்காலி அடுக்குங்கள், தேத்தண்ணி கலக்குங்கள். பாட முடியாத வரியைப் பாடாமல் சும்மா நில்லுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் வட்டமாய் உட்கார்ந்து, ஒவ்வொருவராய் ஜெபித்து, பக்கத்தில் இருக்கிற அக்கா ஆமென் சொல்லிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பாரே, அந்த நேரத்துக்கு ஒரு வழி: வேதத்தைத் திறந்து சங்கீதம் 13ஐ வாசித்துவிட்டு ஆமென் சொல்லுங்கள். பொய் சொல்லவில்லை, ஒளிக்கவுமில்லை.

மனம்விட்டுப் பேச ஒரே ஓர் ஆள் வேண்டும், அவர் ஊருக்கு வெளியே இருக்கட்டும். ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான்; அங்கே மெதடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்கத் தமிழ்ச் சபைகள் உண்டு. செரம்பானில் இருக்கும் மலேசிய இறையியல் கல்லூரியில் முறையாகப் படித்த தமிழ்ப் போதகராகத் தேடினால் கேள்விக்குப் பயப்படாமல் பேச வாய்ப்பு அதிகம். இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "ஐயா, எனக்கு விசுவாசத்தில் சில கேள்விகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் பேசலாமா? பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டால் போதும். இது நமக்குள் இருக்க வேண்டும்." முதல் சந்திப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அது உங்கள் காதுக்கே திரும்பி வந்தால் அவர் அல்ல. கேட்டு முடிக்கும் முன்பே தலையில் கை வைத்துச் "சந்தேக ஆவியே வெளியே போ" என்றாலும் அவர் அல்ல. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நினைவு நாள் சாட்சிக்கு, எழுதிவைத்து வாசியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா எந்த டிவிஷனில் வேலை செய்தார், டயாலிசிஸுக்கு யார் யார் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள், அவருக்குப் பிடித்த பாட்டு எது, இதையெல்லாம் பேர் பேராகச் சொல்லுங்கள். கர்த்தர் எல்லாவற்றையும் நன்மைக்கே செய்தார் என்று சொல்ல வாய் வராவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. "அப்பாவை ஏன் எடுத்தீர் என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்காக ஜெபியுங்கள்" என்று வாசித்துவிட்டு, மைக்கைக் கொடுத்துவிட்டுப் பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள்.