பதிவேட்டில் இருக்கிறார்களா?

கேள்வி: புயலும் வெள்ளமும் எல்லாருக்கும் பொதுதானே? காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது மாற்றுத்திறனாளிகளைத் தனியாகச் சொல்வது ஏன்?
- வாசகர், கடலூர்

பதில்: கடலூர்க்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா? புயலுக்கு முந்தின நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, 'தாழ்வான பகுதி மக்கள் வெளியேறுங்கள்' என்று சொல்லிக்கொண்டு போவார்கள். காது கேளாதவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? சரி, பக்கத்து வீட்டார் சொல்லி முகாமுக்கு வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடம். கழிப்பறை மைதானத்தின் கோடியில், இரண்டு படி ஏறி, சக்கர நாற்காலி நுழையாத கதவோடு இருக்கும். அங்கே மூன்று நாள் தண்ணீரே குடிக்காமல் கிடப்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று ஒருவர் நினைத்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பணக்கார நாட்டிலும் இதே கதிதான். 2021 ஜூலையில் ஜெர்மனியில் ஆர் நதி பெருக்கெடுத்தபோது, சின்சிக் என்ற ஊரில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் 12 பேர் மூழ்கி இறந்தார்கள். இரவுப் பணியில் இருந்தவர் ஒரே ஒருவர்.

வெயிலும் அப்படித்தான். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உடம்பின் பெரும்பகுதியில் வியர்க்காது. வியர்க்காவிட்டால் சூடு இறங்க வழியில்லை. மே மாதத்தில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றால் நமக்குப் புழுக்கம், அவருக்கு உயிர்ப் பிரச்சினை. பூமி சூடாக ஆக, இப்படிப்பட்ட நாட்களும் கூடும், கொட்டித் தீர்க்கிற மழையும் கூடும்.

தனியாகச் சொல்வது நான் மட்டும் அல்ல, சட்டமும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 8ஆவது பிரிவு: மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் தர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அவர்கள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். எந்தத் தெரு, எந்த வீடு, யார் தூக்கி வருவது என்பது வரை அந்தப் பதிவேட்டில் இருந்தால்தான் அது உதவும்.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன், அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேட்டைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம், முகாமுக்கு எந்தப் பள்ளி என்று முடிவு செய்யும் முன், உங்கள் ஊரில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை அழைத்துப்போய், அந்தக் கழிப்பறை வரை அவரால் போக முடிகிறதா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.