நூறு வயது லேஸ் கவுன்: முன்பணம் கட்டுமுன் கையில் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: வரும் ஜனவரியில் எங்கள் கோயிலில் எனக்குத் திருமணம். லேஸ் வைத்த பழைய காலத்துப் பருத்திக் கவுன் உடுத்த ஆசை. கோலாலம்பூரில் ஒரு ஏஜண்ட், 1910இல் இங்கிலாந்தில் தைத்தது என்று ஒரு கவுனின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். விலை 3,800 ரிங்கிட். பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும், அது திரும்பக் கிடைக்காது. அக்குளில் மஞ்சள் கறையும் முதுகில் பழுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. டிரை கிளீன் கொடுத்தால் போய்விடும் என்கிறார். கவுன் அந்த ஒரு நாள் தாங்குமா? யாரோ உடுத்தியதைக் கல்யாணத்தன்று உடுத்துவதா என்று அம்மா வேறு கவலைப்படுகிறார். - வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நல்ல பருத்தி நூறு வருடம் கழித்தும் தாங்கும். ஆனால் இந்தக் கவுன் தாங்குமா என்பதைப் படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. அந்த ஏஜண்டாலும் முடியாது. அதனால் கவுன் உங்கள் கைக்கு வரும் முன் ஒரு ரிங்கிட்கூடக் கட்டாதீர்கள். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பழைய உடை வியாபாரத்தில் இப்போது புகுந்திருக்கும் இந்த ஏஜண்டுகளைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். கவுன் இவர்கள் கையில் இருக்காது. வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் கிடக்கும் படத்தை எடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள். உங்கள் முன்பணத்தைக் கொண்டுதான் அதை வாங்குவார்கள். வந்த பிறகு அளவு சேரவில்லை, துணி கிழிகிறது என்றால் “பழைய பொருள் அப்படித்தான் இருக்கும்” என்று முடித்துக்கொள்வார்கள். ஜப்பானிலிருந்து பண்டலாக, அதாவது மூட்டை மூட்டையாக வரும் பழைய துணியில் கிடைத்த கவுனுக்கு இங்கிலாந்துக் கதை கட்டி விற்றதையும் நான் பார்த்திருக்கிறேன். பண்டல் கடையில் வாங்குவது தப்பே இல்லை. பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையிலும் பண்டல் கடைகளிலும் அருமையான பருத்தி கிடைக்கிறது. அதையே பத்து மடங்கு விலைக்கு, பொய் வருடம் சொல்லி விற்பதுதான் தப்பு.

அந்த 1910 உண்மையா என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். முதுகைத் திறந்து காட்டும் படம் கேளுங்கள். அந்தக் காலத்துக் கவுனில் பொத்தான் இருக்கும், அல்லது சின்னச் சின்னக் கொக்கி இருக்கும். ஜிப் இருந்தால் சந்தேகப்படுங்கள். பெண்கள் உடைக்கு ஜிப் வந்தது 1930களில்தான். பிளாஸ்டிக் போன்ற நைலான் ஜிப் அதற்கும் பல வருடம் பிந்தியது. துவைக்கும் முறையைச் சொல்லும் சின்னங்களோடு உள்ளே ஒரு லேபிள் தைத்திருந்தால், அது பெரும்பாலும் 1970களிலோ அதற்குப் பிறகோ வந்தது. 1970களில் லாரா ஆஷ்லி, கன்னி சாக்ஸ் போன்ற நிறுவனங்கள் பழைய பாணியில் உயர்ந்த கழுத்தும் லேஸும் வைத்து ஏராளமான கவுன்கள் தைத்து விற்றன. இன்று “எட்வர்டு மன்னர் காலத்துக் கவுன்”, அதாவது 1900களின் தொடக்கத்துக் கவுன் என்று சுற்றி வருபவற்றில் இவையும் கலந்திருக்கின்றன.

லேஸ் முழுவதும் கையால் பின்னியது என்று சொல்லி விலையை ஏற்றினால் அதையும் நம்ப வேண்டாம். 1900க்குள் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலும் பிரான்சின் கலேயிலும் இயந்திரங்கள் லேஸை மைல் கணக்கில் நெய்து தள்ளின. அந்தக் காலத்துப் பருத்திக் கவுன்களில் இருப்பது பெரும்பாலும் அந்த இயந்திர லேஸ்தான். பூ வேலை ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி வந்தால் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகில் அதற்கு ஒரு குறையும் இல்லை, கை வேலைக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். கைப்பின்னல் மேல்தான் ஆசை என்றால் ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. நாகர்கோவில் பக்கம் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நம் பெண்கள் கையில் இருக்கிறது.

ஏஜண்ட் ஏமாற்றினால் எங்கே போவது? மலேசிய பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போகலாம். கேட்க நன்றாக இருக்கிறது. வாட்ஸ்அப் எண்ணைத் தவிர வேறு முகவரியே இல்லாத ஆளின் பேரில் எப்படிக் கோரிக்கை போடுவீர்கள்? இங்கிலாந்து விற்பனையாளரை இங்கே யார் இழுத்து வருவது? தீர்ப்பே கிடைத்தாலும் பணம் கைக்கு வரும் வரை அலைய வேண்டும். இணையத்தில் விற்பவர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும் என்று விதி வெகு காலமாக இருக்கிறது. அதை மதிக்காமல் தினமும் நூற்றுக்கணக்கில் விற்கிறார்கள், கேட்பார் இல்லை. ஜனவரிக் கல்யாணம் இதற்கெல்லாம் காத்திருக்காது. எனவே முதலிலேயே எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சுங்க வரி என்று தனியாகப் பணம் கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கி வரவழைக்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேல் போனால் சுங்கத்துறை கணக்கிட்டு வசூலிக்கும். வரிக்குப் பயந்து பார்சலில் “அன்பளிப்பு, 50 ரிங்கிட்” என்று எழுத விடாதீர்கள். பார்சல் தொலைந்தால் நஷ்ட ஈடும் அந்த 50 ரிங்கிட்டை வைத்துத்தான் கணக்காகும்.

சரி, கவுன் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் கசியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல காலம் மடிந்தே கிடந்த கோடுகள், அக்குள், இடுப்புத் தையல், லேஸும் துணியும் சேரும் ஓரம், இந்த நான்கும்தான் முதலில் போகும். பிறகு உள்பக்கம், வெளியே தெரியாத தையல் ஓரத்தில், இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே துணியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல பருத்தி கொஞ்சம் கொடுத்து, விட்டதும் திரும்பும். மக்கிய பருத்தி காய்ந்த காகிதம்போலச் சத்தத்தோடு விட்டுப்போகும். அப்படி விட்டால் எந்தத் தையல்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது. ஓர் இடத்தில் தைத்தால் பக்கத்தில் கிழியும்.

இனி கறை. டிரை கிளீனில் எல்லாம் போகும் என்று ஏஜண்ட் சொன்னது தவறு. டிரை கிளீன் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். வியர்வையும் சிந்திய பானத்தின் சர்க்கரையும் தண்ணீரில் கரைபவை, அவை அப்படியே தங்கிவிடும். அதன் மேல் சூடான இஸ்திரி பட்டால் மஞ்சள் இன்னும் பழுப்பாகும். டோபி கடைக்கும் கொடுக்காதீர்கள். குளோராக்ஸ் வகை வெளுப்பானைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். அது வெளுக்கும், கூடவே இழையையும் தின்னும். துவைத்த அன்று வெள்ளையாக இருக்கும், உடுத்தும் அன்று கிழியும்.

பருத்திக்குத் தண்ணீர்தான் மருந்து. நனைந்த பருத்தி இழை உலர்ந்ததைவிடக் கொஞ்சம் வலுவாகவே இருக்கும். பட்டு அப்படியில்லை. ஆபத்து தண்ணீரில் இல்லை, நனைந்த கவுனைத் தூக்கும்போதுதான் இருக்கிறது. அதன் எடையே லேஸைக் கிழித்துவிடும். பழைய கொசுவலையை விரித்து அதன் மேல் கவுனைப் பரப்பி, அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். மாற்றுங்கள், மறுபடி ஊறவிடுங்கள். மிதமான சோப்பு நீர் கொஞ்சம் போதும். கசக்காதீர்கள், பிழியாதீர்கள். தூக்கும்போது வலையோடு தூக்குங்கள். நிழலில், துண்டின் மேல் பரப்பி உலர்த்துங்கள். பாதி மஞ்சள் இதிலேயே போய்விடும். மீதிக்கு ‘ஆக்சி’ என்ற பெயர்களில் வரும் ஆக்சிஜன் வெளுப்பானைக் கரைத்து ஊறவைக்கலாம்.

ஆனால் உங்கள் கவுனுக்கு இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. முதுகில் இருக்கும் அந்தப் பழுப்புப் புள்ளிகள் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. பழைய கவுனின் முதுகில் கொக்கிகள் வரிசையாக இருக்கும், அவை இரும்பாக இருக்கலாம். புள்ளி கொக்கிக்குப் பக்கத்திலோ, குண்டூசி குத்தியிருந்த இடத்திலோ, ஓரம் தெளிவாகத் தெரியும்படி இருந்தால் அது துரு. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், சிலவற்றின் நடுவில் சின்ன ஓட்டையும் இருக்கும். எங்கு பார்த்தாலும் சிதறிக் கிடந்தால் பூஞ்சணத்தின் வேலையாக இருக்கலாம். இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஆக்சிஜன் வெளுப்பான் தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். இரும்பு இல்லாத இடத்தில் அது நிதானமாக வேலை செய்யும். துருப் புள்ளி மேல் பட்டால் அதே இடத்தில் மட்டும் வேகம் பிடித்து, கறையோடு இழையையும் அரித்துவிடும். ஊறப்போடும்போது புள்ளியாக இருந்தது வெளியே எடுக்கும்போது ஓட்டையாக இருக்கும். பிறகு அதைத் திருப்ப வழியில்லை. ஆகவே துரு என்று சந்தேகம் இருந்தால்கூட ஆக்சிஜன் வெளுப்பான் வேண்டாம், வெறும் தண்ணீரும் சோப்பும் போதும். பழைய குழாய் உள்ள வீட்டில் குழாய்த் தண்ணீரிலேயே இரும்பு வரும், அதனால் கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் காயவைக்கச் சொல்வார்கள். புதுத் துணிக்குச் சரி, நூறு வருடப் பருத்திக்கு அமிலமும் வெயிலும் சேர்ந்தால் தாங்காது. புள்ளியை அப்படியே விடுங்கள், இல்லையென்றால் அதன் மேல் ஒரு சின்ன லேஸ் பூவை வைத்துத் தையுங்கள். கறையோடு கவுன் உடுத்தலாம், ஓட்டையோடு உடுத்த முடியாது. இரும்புக் கொக்கிகளைக் கழற்றிவிட்டுப் பித்தளைக் கொக்கியோ துணிப் பொத்தானோ வைக்கச் சொல்லுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, அந்தக் காலத்துப் பெண்கள் உள்ளே இறுக்கமான கச்சை அணிந்தார்கள். உங்களுக்கு இடுப்பில் இரண்டு அங்குலமாவது தளர்வு வேண்டும். கையைத் தூக்கிப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். போதாவிட்டால் முதுகில் புதுப் பருத்தித் துணி வைத்து அகலப்படுத்தலாம்.

நம் கல்யாணத்தில் இன்னொன்று இருக்கிறது, வெளிநாட்டுக் கட்டுரைகளில் இதைப் பார்க்க முடியாது. மாலை. ஈரமான ரோஜாவும் மல்லிகையும் நெஞ்சில் கிடந்தால் லேஸில் சாயம் இறங்கும், எடையும் தோளை இழுக்கும். மாலை மாற்றியதும் கழற்றிவிடுங்கள், அல்லது மெல்லியதாகக் கட்டச் சொல்லுங்கள். கல் வைத்த அட்டிகை, வளையல் எதுவும் லேஸில் சிக்கும். தாலி கட்டும்போது பின்னால் நிற்கும் நாத்தனாரிடம் முன்பே சொல்லி வையுங்கள், கழுத்து லேஸை ஒதுக்கிப் பிடித்துக்கொள்வார். உள்ளே முழுநீளப் பருத்தி உள்ளாடை போட்டு வியர்வையை அது வாங்கும்படி செய்யுங்கள். வாசனைத் திரவியத்தைக் கவுன் உடுத்தும் முன்பே பூசிக்கொள்ளுங்கள். விருந்துக்கு எப்படியும் சேலைக்கு மாறுவீர்கள். நல்ல கவுன் அந்த நான்கைந்து மணி நேரத்தைத் தாராளமாகத் தாங்கும்.

அம்மாவின் கவலையை ஒதுக்கிவிடாதீர்கள். அவருக்குச் சங்கடம் தருவது அந்நியர் உடுத்தியது என்பதுதான் என்றால், லேஸை மட்டும் பழையதாக வாங்கலாம். கழற்றிய பழைய லேஸ் தனியாகவும் விற்பனைக்கு வருகிறது, முழுக் கவுனைவிட விலையும் குறைவு. தையல்காரரிடம் மெல்லிய புதுப் பருத்தியில் கவுன் தைத்து, இந்த லேஸைக் கழுத்திலும் கையிலும் வைக்கச் சொல்லுங்கள். கிழியும் பயமே இல்லை.

ஏஜண்டிடம் இந்த வாரமே கேளுங்கள்: கவுன் இப்போது எங்கே இருக்கிறது, நேரில் பார்க்கலாமா, முதுகின் உள்பக்கப் படம் உண்டா, பதிவு எண் என்ன. எல்லாவற்றுக்கும் நேரான பதில் வந்தால் போய்ப் பாருங்கள், உள்ளூர் தையல்காரர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். ஊறவைத்துத் துவைக்க, உலர்த்த, பழுது பார்க்க, அளவு சரிசெய்ய இரண்டு மாதம் வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் கவுன் கையில் இல்லையென்றால் அதை விட்டுவிட்டு, பழைய லேஸும் புதுப் பருத்தியும் என்ற வழிக்கு வந்துவிடுங்கள்.