நிற்கும் வீட்டின் மரத்துக்கு முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கும் நாங்கள், தெஹிவளையில் உள்ள எங்கள் சிறு காணியில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். பம்பலப்பிட்டியில் இடிக்கப்படவிருக்கும் ஒரு பழைய வீட்டின் முதிரைக் கதவுகள், யன்னல்கள், கூரையைத் தாங்கும் தேக்குக் கைமரங்கள், கலிகட் ஓடுகள் எல்லாவற்றையும் மொத்தமாக 12 இலட்சம் ரூபாவுக்குத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். பாதிப் பணத்தை இந்தக் கிழமையே கொடுக்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடுமாம். எங்கள் மேசனும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? லொறியைப் பொலிஸார் மறித்தால் என்ன செய்வது?

பதில்: பழைய மரத்தை வாங்குங்கள்; ஆனால் இந்த முறையில் வாங்காதீர்கள். சுவரிலும் கூரையிலும் இருக்கும் மரத்துக்குத் தரகரிடம் ஒரு ரூபாவும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். கழற்றி, நிலத்தில் அடுக்கி, நீங்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து அளந்த பிறகே விலை பேசுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

காரணத்தைச் சொல்கிறேன். கொழும்பில் பழைய வீடுகளை இடிக்கும் ஒப்பந்தக்காரர், வீட்டிலிருந்து கிடைக்கும் மரம், ஓடு, இரும்பு ஆகியவற்றின் பெறுமதியையும் கணக்கில் சேர்த்தே வீட்டுச் சொந்தக்காரருடன் விலை பேசுவது வழக்கம். ஆகவே அந்த மரம் இன்று சொந்தக்காரருடையது, நாளை ஒப்பந்தக்காரருடையது. தரகருடையதாக அது எந்த நாளிலும் இருப்பதில்லை. அவர் உங்களிடம் விற்பது ஒரு தொலைபேசி இலக்கத்தையும், ‘இந்தக் கிழமைக்குள்’ என்ற அவசரத்தையும் மட்டுமே. ஒரே வீட்டின் அதே கதவுகளுக்கு மூன்று குடும்பங்கள் முற்பணம் கொடுத்துவிட்டு, இடிப்பு நாளன்று வெறும் சுவரின் முன்னால் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரிடமும் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. நீங்கள் தரகரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இடிப்பு ஒப்பந்தக்காரர் யார், அவரை நேரில் சந்திக்க முடியுமா? அதற்கு நேரான பதில் வராவிட்டால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக்காரர் உண்மையானவர் என்று தெரிந்து, பொருளை ஒதுக்கி வைக்க அவர் ஏதேனும் கேட்டால், சிறு தொகை கொடுப்பதில் பிழையில்லை. ஆனால் அவருடைய அடையாள அட்டை இலக்கம், வீட்டின் வரி மதிப்பீட்டு இலக்கம், எத்தனை கதவு, எத்தனை யன்னல், சுவரில் பதிந்த நிலையோடா (சட்டத்தோடா) நிலையில்லாமலா என்பவை எல்லாம் எழுதப்பட்ட, கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். பித்தளைப் பிணைச்சல்கள், கொண்டிகள், தாழ்ப்பாள்களையும் எண்ணி எழுதுவியுங்கள். நீங்கள் பார்த்த நாளுக்கும் லொறியில் ஏற்றும் நாளுக்கும் இடையில் முதலில் காணாமற்போவது பித்தளைதான்.

‘மொத்தமாக’ என்ற சொல்லே அடுத்த பொறி. கதவையும் யன்னலையும் எண்ணிக்கைக்கும், கைமரத்தையும் அதைத் தாங்கும் வளையையும் கன அடிக்கும் வாங்குங்கள். கன அடிக் கணக்கு கடினமானதன்று: அகலத்தையும் தடிப்பையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி, 144ஆல் வகுத்தால் போதும். ‘நாலுக்கு இரண்டு, பன்னிரண்டு அடி’ என்று வாயால் சொல்லப்படும் கைமரம் 0.67 கன அடி. அதே மரம் பல தடவை இழைக்கப்பட்டு உண்மையில் மூன்றே முக்கால் அங்குலத்துக்கு ஒன்றே முக்கால் அங்குலமாக இருந்து, சுவருக்குள் கிடந்து உக்கிய முனையை வெட்டிய பின் 11 அடியே மிஞ்சினால், அது 0.5 கன அடி. நாற்பது கைமரங்களுக்கு 27 கன அடிக்குப் பணம் கொடுத்து 20 கன அடியை வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். அளவு நாடாவை நீங்களே பிடியுங்கள். விற்பவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளாதீர்கள்.

மரம் உண்மையில் முதிரையா, தேக்கா என்பதை நிறத்தை வைத்துத் தீர்மானிக்க முயல வேண்டாம். சாயமும் வார்னிஷும் பூசிய எந்த மரமும் கண்ணுக்குத் தேக்காகத் தெரியும். எடையை நம்புங்கள். காய்ந்த முதிரை கன அடிக்கு ஏறத்தாழ 27 கிலோ, தேக்கு ஏறத்தாழ 18 கிலோ. நாலுக்கு இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை மூன்றடி நீளத்துக்கு வெட்டுவித்துத் தராசில் வைத்தால், முதிரை நாலரைக் கிலோவை அண்டியும் தேக்கு மூன்று கிலோவை அண்டியும் நிற்கும். மரத்துக்கு மரம் சிறிது கூடிக் குறையலாம்; ஆனால் முதிரை என்று தரப்பட்ட துண்டு மூன்று கிலோ காட்டினால் அது முதிரையன்று. பிறகு உளியால் மறைவான ஓரிடத்தில் சுரண்டிப் பாருங்கள். முதிரை வெளிர் மஞ்சளாகப் பட்டுப்போல மினுங்கும். தேக்கில் எண்ணெய்ப் பசையும் பதனிட்ட தோலைப் போன்ற மணமும் இருக்கும். பலாவின் வைரம் (உள்மரம்) மஞ்சளாக இருந்து காலப்போக்கில் பழுப்பேறுவது. பிக்குகளின் சீவரத்துக்குச் சாயம் எடுக்கப்பட்டது அந்த வைரத்திலிருந்துதான்.

இன்னொரு மோசடியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். புதிதாக வெட்டிய பலாவுக்குக் கழிவெண்ணெயும் சேறும் பூசி, துருப்பிடித்த ஆணிகள் இரண்டை அடித்துப் பழைய மரமாக விற்பவர்கள் இருக்கிறார்கள். பலாவை அனுமதியின்றி வெட்ட முடியாது என்பது 1951ஆம் ஆண்டு முதல் சட்டம். அதனாலேயே ‘பழையது’ என்ற பெயர் சிலருக்குத் தேவைப்படுகிறது. வாளால் ஒரு முனையை அறுக்கச் சொல்லி, தூளை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பாருங்கள். காய்ந்த மரத்தின் தூள் விரித்த கையில் உதிரும், ஈரமரத்தின் தூள் கட்டியாக நிற்கும். அறுக்க விடாத வியாபாரியிடம் வாங்க வேண்டாம். உங்கள் மேசனை நான் குறை சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. ஆயினும் தரகர்கள் மேசன்மாருக்குப் பங்கு கொடுப்பது இந்த நகரத்தில் புதிதன்று. ஆகவே மரத்தைப் பார்க்க அவரைவிட, வெளியிலிருந்து ஒரு தச்சரை நாட்கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.

இனிக் கைமரங்கள். பழைய கைமரத்தை மீண்டும் கைமரமாகப் போட வேண்டாம் என்பதே என் பொதுவான ஆலோசனை. அவற்றை இழைத்து நிலையாகவோ, படியாகவோ, மேசையாகவோ ஆக்குங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பாதி கேட்டுவிட்டுப் போய்க் கூரை போட்டவர்கள் பலர் என்பதால் முழுமையாகச் சொல்கிறேன். ஒரு கைமரம் தாங்கும் சுமை, அதன் அகலத்தைவிட அதன் உயரத்திலேயே தங்கியிருக்கிறது. அதுவும் உயரத்தின் வர்க்கத்தில். நாலுக்கு இரண்டு மரத்தை நிமிர்த்தி வைத்தால், படுக்க வைத்ததைப் போல இரு மடங்கு தாங்கும். அதன் நடுப்பகுதியில், அடிப்பக்கத்தில், பழைய பொருத்துக்காக ஓர் அங்குலம் வெட்டப்பட்டிருந்தால் நாலங்குலம் மூன்றாகி, வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். சுவருக்குள் இருந்த முனையோ, வெளியே திடமாகத் தெரிந்தாலும், உள்ளே கறையான் தின்றதாக இருக்கலாம். ஆகவே இரு முனையிலும் ஓரடி வெட்டி எறிந்து, வெட்டுமுகத்தில் துளையோ உளுத்த மாவோ இல்லை என்று கண்டு, நடுவில் வெட்டு விழுந்த மரங்களை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியவற்றை முன்பு பாய்ந்த தூரத்தின் (இரு தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரத்தின்) முக்கால் பங்குக்கு மேற்படாத தூரத்துக்கு மட்டும் போடலாம். அதாவது 12 அடி பாய்ந்த மரம் இனி 9 அடி பாயலாம். அதையும் உங்கள் பொறியியலாளர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். மேசன் ‘தாங்கும் அக்கா’ என்று சொல்வது கையொப்பமாகாது.

உண்மையில் உங்களுக்குப் பயன் தரக்கூடியவை கதவுகளும் யன்னல்களும்தான். பல ஆண்டு காய்ந்த முதிரையோ தேக்கோ இனிப் பெரிதாகச் சுருங்காது, முறுக்காது. இன்று மரக்காலையில் வாங்கும் பச்சை மரத்துக் கதவு, ஒரு மழைக்காலம் கழிந்ததும் மூட மறுக்கும். நிலையோடு வாங்குங்கள். நிலையின் அடிப்பகுதியை உளியால் குத்திப் பாருங்கள். உளி எளிதாக இறங்கினால், உக்கிய அளவு வெட்டி ஒட்டுப்போட வேண்டும் என்று விலையில் கழியுங்கள். மிக முக்கியமாக, சுவர் எழும்பும் முன் வாங்குங்கள். பழைய கதவுகள் இன்றைய அளவுக்கு அமைந்தவையல்ல. சுவரில் விட்ட இடைவெளிக்காகக் கதவை வெட்டினால் வாங்கியதே வீண்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது கவனம் தேவை. இலங்கையில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முற்பட்ட கதவுகளில் ஈயம் இருக்கிறது என்று கருதியே வேலை செய்யுங்கள். காய்ந்தபடி அரத்தாள் போட்டுத் தேய்க்கவோ, சுடர் விளக்கால் எரிக்கவோ விடாதீர்கள். நனைத்துச் சுரண்டி, தூளைப் பொலித்தீனில் கட்டி, குழந்தைகளை அந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஓடுகளைப் பற்றிச் சுருக்கமாக: விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். வெவ்வேறு தொழிற்சாலைகளின் ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை; ஆகவே பின்பக்க முத்திரையைப் பார்த்து ஒரே வகையை மட்டும் எடுங்கள், பத்து ஓடுகளை நிலத்தில் கோத்துப் பாருங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை இலவசமாகத் தந்தாலும் ஏற்ற வேண்டாம். உடையும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் நார் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். வளைத்து நிமிர்த்திய பழைய கம்பியை கொங்கிரீட்டுக்குள் போடாதீர்கள்.

லொறி விடயத்துக்கு வருகிறேன். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரம் கொண்டுசெல்வது ஒழுங்குபடுத்தப்படுகிறது. முதிரை, தேக்கு, பலா போன்றவற்றை வீதியில் கண்டால் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள். இழைத்த கதவையும் கறுத்த கைமரத்தையும் காட்டுமரமாக யாரும் நினைக்கமாட்டார்கள் என்று நம்பி ஏற்றாதீர்கள். ஏற்றும் முன்பே வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்துக்கு மர இனங்களையும் அளவுகளையும் எழுதிக் கொடுத்து, என்ன பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம், இடிப்பு அனுமதியின் பிரதி, பற்றுச்சீட்டு, கதவுகள் சுவரில் இருக்கும்போது எடுத்த படங்கள் ஆகியவற்றை லொறியில் வையுங்கள். பகலிலேயே கொண்டுசெல்லுங்கள்.

இது சொல்ல எளிது. ஒருமுறை பதினொரு யன்னல்களுக்காக ஓர் அலுவலகத்தில் மூன்று காலைகள் நின்றேன். முதல் மேசையில் பத்திரம் தேவையில்லை என்றார்கள், இரண்டாம் மேசையில் இல்லாமல் போகவே கூடாது என்றார்கள், மூன்றாம் நாள் அதிகாரி விடுமுறை. நேர்மையாகப் பழைய மரத்தை மீண்டும் பயன்படுத்த வருபவரை இப்படி அலைக்கழித்தால், ‘பத்திரம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் தரகரிடம்தான் மக்கள் போவார்கள். அந்த வாக்குறுதியை மட்டும் நம்பாதீர்கள். மறிக்கப்படும் லொறியில் இருப்பது உங்கள் மரம், அவருடையதன்று.

மரம் வந்து சேர்ந்ததும், ஆலைக்கு அனுப்புமுன் ஒவ்வோர் ஆணியையும் பிடுங்குவியுங்கள். வாள் ஆணியில் பட்டு உடைந்தால் ஆலைக்காரர் உங்களிடம்தான் பணம் கேட்பார். மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கும் முன் வீட்டுக்குக் கூரை போட முடியாவிட்டால், மரத்தை நிலத்தில் படவிடாமல் சீமெந்துக் கற்களின் மேல், இடையிடையே குச்சி வைத்து, காற்றோட்டமாக அடுக்கி, மேற்பக்கத்தை மட்டும் மூடுங்கள். நாலாபக்கமும் பொலித்தீனால் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.