பஸ் வாந்திக்கு அந்த மாத்திரை ஏன் கேட்கவில்லை?

கேள்வி: போன மாதம் வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகக் கிடந்தபோது டாக்டர் ஆன்டான்செட்ரான் மாத்திரை கொடுத்தார், சீக்கிரமே வாந்தி நின்றது. மீதியிருந்த மாத்திரையை மலைப்பாதையில் பஸ் ஏறும் முன் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் வாந்திதான். மாத்திரை கெட்டுப்போயிருக்குமா?

பதில்: மாத்திரை மேல் குறை சொல்ல முடியாது, அது வேலை செய்யும் இடமே வேறு. வாந்தியைக் கிளப்புவது மூளைத்தண்டில் இருக்கும் ஒரு மையம், ஆனால் அதற்குச் செய்தி போகும் வழிகள் பல. குடலில் கிருமியோ கெட்டுப்போன உணவோ புகுந்தால் அங்குள்ள செல்கள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும், அது குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டிவிட, தகவல் மேலே போகும். ஆன்டான்செட்ரான் செரட்டோனின் வந்து ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பஸ்ஸில் புரட்டுவது, உடம்பின் அசைவை உணரும் உள்காதின் வேலை. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, அந்தக் குழப்பம் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற வேறு வேதிப்பொருள்கள் வழியாக வாந்தி மையத்துக்குப் போகிறது. அங்கே செரட்டோனினைத் தடுத்து என்ன பயன்?

பயணத்துக்கென்றே மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், புரோமெதசின் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், புரட்ட ஆரம்பித்தபின் போட்டால் பெரும்பாலும் அதுவும் வெளியே வந்துவிடும். தூக்கம் வரும், அதனால் வண்டி ஓட்டுபவர்கள் தொடக்கூடாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமின் பட்டை 3 நாள் வரை தாங்கும்.

அப்புறம், வாந்திக்குக் கொடுக்கும் வேறு இரண்டு மருந்துகள்: டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு. இரண்டும் வாந்தியைத் தூண்டும் டோபமைன் என்ற இன்னொரு வேதிப்பொருளைத் தடுப்பவை, இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கவும் உதவுகின்றன. ஆனால் மெட்டோகுளோப்ரமைடு மூளைக்குள் நன்றாகவே நுழைந்துவிடும், அதனால் சிலருக்கு, குறிப்பாகச் சின்ன வயதுக்காரர்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பயந்துவிடுவார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போட்டுச் சரிசெய்துவிடலாம், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

புற்றுநோய் மருந்து ஏற்றும்போது வரும் வாந்திக்கு ஒரு வழியை அடைத்தால் போதாது. முதல் நாள் வாந்தியில் செரட்டோனினின் பங்கு பெரிது, அடுத்தடுத்த நாட்களில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேறொரு பொருள் கிளப்பிவிடும். அதனால்தான் ஆன்டான்செட்ரான் வகையோடு, சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுக்கும் அப்ரெபிடன்ட், டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

மீதி இருக்கும் ஆன்டான்செட்ரானை வீட்டில் வேறு யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். மலச்சிக்கல், தலைவலி வருவது சாதாரணம், ஆனால் இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம்.