வீட்டு பீர் கெக்கில் குழாயைத் திறந்தால் நுரை மட்டும் கொட்டுவது ஏன்?

கெக் என்பது பீரைக் கரியமில வாயுவின் அழுத்தத்தில் அடைத்து வைக்கும் எஃகுக் கலன். பீரில் கரைந்திருக்கும் அந்த வாயு, அழுத்தம் சட்டென்று விழுந்தால் குமிழிகளாகப் பொங்கிவிடும். அதுதான் நுரை. சோடா பாட்டில் மூடியை ஒரேயடியாகத் திருகினால் பொங்கி வழிகிறது, மெல்ல மெல்லத் திறந்தால் அடங்கிவிடுகிறது அல்லவா?

கெக்கில் அந்த 'மெல்ல' என்பதைச் செய்வது கெக்கிலிருந்து குழாய்க்குப் போகும் மெல்லிய டியூப்தான். உள்விட்டம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இருக்கும். பீர் அதன் சுவரை உரசிச் செல்லும்போது அழுத்தம் படிப்படியாகக் குறைகிறது. பீர் 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும், வாயுவின் அழுத்தம் 12 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவிலும் இருந்தால் டியூப் சுமார் 3 மீட்டர் நீளம் வேண்டும். பலர் அரை ஆள் உயரத்துக்கு வெட்டி மாட்டிவிடுகிறார்கள். என் பார்வையில் பாதிப் பிரச்சினை அங்கேதான். முதல் கோப்பை மட்டும் நுரைத்தால், குளிர்பெட்டிக்கு வெளியே இருக்கும் குழாய் சூடாக இருக்கிறது என்று பொருள்.

நுரை வந்தால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். குறைத்தால் வாயு டியூபுக்குள்ளேயே பிரிந்து நுரை கூடும், சில நாள்களில் பீரும் சப்பென்று ஆகிவிடும்.