இறங்குவது ஒரு நிலையம், ஏறுவது வேறு நிலையம்

கேள்வி: எங்களிடம் கார் இல்லை. விடுமுறை நாளில் ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி, நாட்டுப்புறப் பாதைகளில் நடந்து, வேறொரு நிலையத்தில் ரயில் ஏறித் திரும்ப ஆசைப்படுகிறோம். இரண்டு நிலையங்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: இந்த வகை நடைக்குக் கார் இல்லாதது ஒரு குறையே அல்ல, காரில் போகிறவர்தான் அதை நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். பெரும்பாலோர் நடை தொடங்கும் இடத்தைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். முடியும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். காலையில் எந்த ரயிலில் போய் இறங்குவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. நாளொன்றுக்கு நான்கே ரயில்கள் நிற்கும் சிறு நிலையமானாலும் அவற்றில் ஒன்றைப் பார்த்துப் போய்விடலாம். மாலையில் எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்பதையோ பாதையும் வெயிலும் உடன் வருபவர்களின் கால்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். ஆகவே ரயில் அரிதாக நிற்கும் நிலையத்தில் தொடங்கி, அடிக்கடி நிற்கும் நிலையத்தில் முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நடப்பதாக இருந்தால் அந்த நாளுக்கான கால அட்டவணையைப் பாருங்கள். தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தி வைப்பதும் விடுமுறை நாள்களில்தான் அதிகம்.

அடுத்தது, நிலம் எப்படிக் கிடக்கிறது என்பது. சாதாரண ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. நூறு மீட்டர் தூரத்தில் இரண்டு, மூன்று மீட்டர் உயர்வதே அதற்குப் பெரும்பாடு என்பதால், குன்றுகள் நிறைந்த பகுதியில் தண்டவாளம் பெரும்பாலும் ஆற்றை ஒட்டிப் பள்ளத்தாக்கிலேயே போகும். நெடுஞ்சாலையும் அதே வழியில்தான் போகும். எனவே ஒரே தடத்தில் அடுத்தடுத்து உள்ள இரு நிலையங்களுக்கு இடையே நடந்தால், வாகன இரைச்சல் கடைசிவரை கூடவே வரும். அதற்குப் பதிலாக, ஒரு குன்றுத் தொடரின் இருபுறமும் இரு தடங்கள் போகும் இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் தேடுங்கள்; ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, குன்றைக் கடந்து, மறு பள்ளத்தாக்கில் ரயில் ஏறுவதைவிடச் சிறந்த ஒருநாள் நடையை நான் அறியேன். திரும்பும் பயணம் சற்றுச் சுற்றாக, சந்திப்பு நிலையத்தில் ரயில் மாறும்படியாக அமையலாம் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். சமவெளியில் இந்த யோசனைக்கு வேலை இல்லை. அங்கே தண்டவாளத்தை விட்டு விலகிச் செல்லும் ஆற்றங்கரையோ கால்வாய்க் கரையோ கிடைத்தால் போதும்.

ஊரின் பெயரைத் தாங்கிய நிலையம் அந்த ஊரிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பது சாதாரணம். அதனால் தூரத்தை ஊரிலிருந்து அளக்காமல் நடைமேடையிலிருந்து அளக்க வேண்டும். உங்கள் பாதை தண்டவாளத்தின் எந்தப் பக்கம் வந்து சேர்கிறது, மறுபக்கம் போக லெவல் கிராசிங்கோ மேம்பாலமோ எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள். எதிர் நடைமேடையில் நின்றபடி தன் ரயில் புறப்படுவதைப் பார்ப்பவரின் நிலை பரிதாபமானது.

கேள்வி: நாங்கள் தேர்ந்தெடுத்த பாதை 16 கிலோமீட்டர்; மொத்த ஏற்றம் 450 மீட்டர். மூன்று மணி இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம் என்று கைப்பேசிச் செயலி காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 4.8 கிலோமீட்டர் வருகிறது. அதாவது, செயலி உங்களைச் சமதளத்தில் நிற்காமல் நடக்க வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. மெட்ரிக் அளவில் அதை ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று சொல்வார்கள். அதன்படி உங்கள் நடைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். ஆனால் அது நல்ல உடல்திறன் உள்ளவர், ஓய்வெடுக்காமல் நடப்பதற்கான கணக்கு. குடும்பமாக நடப்பவர்கள் மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நல்லது: நடைக்கு நான்கு மணி, ஏற்றத்துக்கு முக்கால் மணி, சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி என ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகிறது. செங்குத்தான இறக்கம் இருந்தால் இதுவும் போதாது. இறங்கும்போது நேரத்தை மீட்டுவிடலாம் என்று நினைப்பவர்களின் முழங்கால்கள் வேறு விதமாக நினைக்கும்.

இனி இந்தக் கணக்கை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். சூரியன் 6.20க்கு மறைகிறது, உங்களுக்கு வசதியான ரயில் 5.30க்கு, அதற்கு அடுத்தது 6.30க்கு என்று வைத்துக்கொள்வோம். 5 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டுமானால் 11.15க்கு நடக்கத் தொடங்க வேண்டும். ஆனால் 11 மணிக்கு வந்து சேரும் ரயிலை நம்பாமல், அதற்கு முந்தையதில் போய் இறங்குங்கள். கடைசி ரயிலை மட்டும் ஒருபோதும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். திட்டம் தவறும்போது கைகொடுப்பதற்காக அது இருக்கட்டும்.

கேள்வி: வழி தெரியாத இடங்களில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் என்ன?

பதில்: கூடாது. பெரும்பாலான நாடுகளில் அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, பாலத்திலோ சுரங்கத்திலோ ரயில் எதிர்ப்பட்டால் ஒதுங்க இடமிருக்காது. அனுமதிக்கப்பட்ட கடவுகளில் மட்டுமே தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். ரயில் நிறுத்தப்பட்டு, தண்டவாளம் அகற்றப்பட்டு, பொது நடைபாதையாக மாற்றப்பட்ட பழைய தடங்கள் சில இடங்களில் உண்டு. அவற்றில் தாராளமாக நடக்கலாம், ஏற்றமும் மெதுவாகவே இருக்கும்.

கேள்வி: பாதி வழியில் யாருக்காவது முடியாமல் போனால் என்ன செய்வது?

பதில்: இரு நிலைய நடையின் உண்மையான பலவீனம் இதுதான். வட்டப் பாதையைச் சுருக்கிக்கொள்ளலாம். இங்கே பாதி தூரத்தைத் தாண்டிவிட்டால் திரும்புவதைவிட முன்னே போவதே அருகாகிவிடும். எனவே பாதையிலிருந்து விலகி, நடுவிலுள்ள நிலையத்துக்கோ பேருந்துச் சாலைக்கோ இறங்கும் கிளைப் பாதைகள் ஒன்றிரண்டை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்தில் ஒரு நேரத்தை எழுதுங்கள்: இன்ன மணிக்குள் இங்கே வந்து சேராவிட்டால் கிளைப் பாதையில் இறங்கிவிடுவது என்று. களைத்த பிறகு கூடி விவாதித்தால் உற்சாகமானவர் பேச்சே எடுபடும். வரைபடத்தையும் கால அட்டவணையையும் கைப்பேசியில் வைத்திருப்பதோடு காகிதத்திலும் எடுத்துப் போங்கள். பள்ளத்தாக்கில் அலைவரிசை கிடைக்காது.

கேள்வி: போக வர ஒரே டிக்கெட் எடுக்கலாமா?

பதில்: திரும்பும் நிலையம் வேறு என்பதால் சாதாரண இருவழி டிக்கெட் செல்லாமல் போகலாம். இரு நிலையங்களும் ஒரே தடத்தில் இருந்தால், தொலைவில் உள்ள நிலையத்துக்கு எடுத்த இருவழி டிக்கெட்டை வைத்துக்கொண்டு அருகிலுள்ளதில் ஏற அனுமதி உண்டா என்று டிக்கெட் கவுன்டரில் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் தனித்தனி டிக்கெட்டுகள்தான்.