பளபளப்புக்கு உள்ளே என்ன இருக்கிறது?
குளியலறைச் சாமான்கள், மரச்சாமான்கள்: வாசகர் கேள்வி–பதில்

குழாய் வேலையும் தச்சு வேலையும் தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் சொல்லும் பகுதி இது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி குளியலறையைப் பற்றியவை, மீதி மரத்தைப் பற்றியவை.

கேள்வி: கடையில் இரண்டு குழாய்கள் ஒரே மாதிரி மின்னுகின்றன. ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிட இரண்டு மடங்கு. எதை வைத்து முடிவு செய்வது?

மினுமினுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிளாஸ்டிக்கின் மேலும் குரோம் முலாம் பூசலாம், அதுவும் இதே மாதிரிதான் மின்னும். முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். லேசாக இருந்தால் உள்ளே பிளாஸ்டிக் என்று அப்போதே தெரிந்துவிடும். கனமாக இருந்தால் மட்டும் பித்தளை என்று நம்பிவிட வேண்டாம், துத்தநாகக் கலவையில் வார்த்த குழாயும் ஓரளவு கனக்கும். குழாயைத் திருப்பி, சுவருக்குள் போகும் மரையின் உட்புறத்தைப் பாருங்கள். முலாம் ஏறாத அந்த இடம் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் வெள்ளையாக இருந்தால் துத்தநாகக் கலவை.

ஈரத்திலும் வெந்நீரிலும் துத்தநாகக் கலவை உள்ளிருந்து அரிக்கும். முதலில் முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பிறகு ஒருநாள் குழாயைக் கழற்றப் போனால் மரை முறிந்து சுவருக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்க டைல்ஸை உடைக்க வேண்டி வந்தால், குழாயில் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். ஆகவே சுவருக்குள் புதையும் பாகங்கள் எல்லாம் பித்தளையாகவே இருக்கட்டும். துணி மாட்டும் கொக்கி, சோப்புத் தட்டு போன்றவற்றில் வேண்டுமானால் சிக்கனம் பார்க்கலாம்.

முலாமைப் பொறுத்தவரை, மேலே உள்ள குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான மெல்லிய படலம்தான். துருப்பிடிக்காமல் காப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். அதன் தடிமனைக் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் கடையின் டியூப்லைட் குழாயில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பாருங்கள். கோடு நேராக விழாமல் அலை அலையாக நெளிந்தால், முலாம் பூசும் முன் சரியாகத் தேய்க்கவில்லை என்று அர்த்தம். மேல்வேலையில் அவசரப்பட்டவர் உள்வேலையில் நிதானமாக இருந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது கார்ட்ரிட்ஜ், அதாவது குழாய்க்குள் இருந்து தண்ணீரைத் திறந்து மூடும் பாகம். கால் திருப்பில் திறக்கும் குழாய்களுக்குள் ஒன்றோடொன்று உரசும் இரண்டு செராமிக் தட்டுகள் இருக்கும். திருப்பிப் பார்த்தால் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீரான இறுக்கம் தெரிய வேண்டும். வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து தரும் ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் வாங்கினால் கார்ட்ரிட்ஜ் அளவைக் கேளுங்கள். 35 அல்லது 40 மில்லிமீட்டர் என்றால் பின்னாளில் மாற்றுப் பாகம் சுலபமாகக் கிடைக்கும். வினோதமான அளவு என்றால் அழகாக இருந்தாலும் யோசியுங்கள்.

செராமிக் தட்டுக்கு எமன் மணல். புதுக் குழாயை மாட்டும் முன் லைனைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். சிமென்ட் துகளும் மணலும் வெளியேறட்டும். இதைச் செய்யாததால்தான் மாட்டிய ஒரே வாரத்தில் புதுக் குழாய் சொட்டுகிறது. பழி மட்டும் குழாயின் மேல் விழுகிறது.

கேள்வி: பெரிய மழைத்தூறல் ஷவர் வாங்கி மாட்டினோம். தண்ணீர் நூல் நூலாக ஒழுகுகிறது. ஷவரில் கோளாறா?

பெரும்பாலும் ஷவரில் இல்லை, தொட்டியின் உயரத்தில்தான். மேல்நிலைத் தொட்டி ஷவரிலிருந்து ஒரு மீட்டர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார். மூன்று மீட்டர் என்றால் 0.3 பார். அதிலும் குழாயின் வளைவுகளில் கொஞ்சம் போய்விடும். அகலமான ஷவர்களுக்குச் சுமார் 1 பார் வேண்டும், அதாவது பத்து மீட்டர் உயரம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் படித்துவிட்டு வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இப்போது செய்யக்கூடியது: ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஒரு வாளியை வைத்து, சரியாக ஒரு நிமிடம் தண்ணீர் பிடியுங்கள். 8 லிட்டர்கூட வரவில்லை என்றால் 200 மில்லிமீட்டர் அகல ஷவர் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. 100 மில்லிமீட்டர் ஷவரை மாட்டினால் அதே தண்ணீர் குறைந்த துளைகள் வழியே வேகமாக வரும். வாளியில் தண்ணீர் தாராளமாக விழுகிறது, ஷவரில்தான் குறைகிறது என்றால் அதன் கழுத்தில் இருக்கும் சல்லடையையும், நீரைக் கட்டுப்படுத்தும் சின்ன பிளாஸ்டிக் வளையத்தையும் பாருங்கள்.

அழுத்தம் குறைந்த வீட்டில் ஒற்றைக் கைப்பிடி டைவர்ட்டரைவிட (கலந்த நீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் சாதனம்), வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனித் திருகு உள்ள பழைய பாணி மிக்ஸரே மேல். அதன் உள்வழி அகலமானது. பிரஷர் பம்ப் வைப்பதானால் இரண்டு லைனுக்கும் சேர்த்து வையுங்கள். குளிர்ந்த நீருக்கு மட்டும் வைத்தால், மிக்ஸரைத் திறந்ததும் அது வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி ஹீட்டர் பக்கம் தள்ளும். அந்த வெந்நீர்க் குழாயில், நீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் வேண்டும்.

கேள்வி: குழாய்களில் வெள்ளை உப்புப் படிவு. கழிப்பறைக்கான ஆசிட் போட்டால் உடனே போகிறதே, போடலாமா?

படிவு போகும், அதோடு முலாமும் போகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமைக் கரைத்து, அடியில் உள்ள நிக்கலைக் கறுக்க வைத்துவிடும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி, 15, 20 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இரவு முழுக்க விட வேண்டாம். குழாயின் வாயில் இருக்கும் ஏரேட்டரை, அதாவது சின்னச் சல்லடையைத் திருகிக் கழற்றித் தனியாக ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பாதி வீடுகளில் ‘தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது’ என்ற புகார் இதோடு தீர்ந்துவிடும்.

கறுப்பு, தங்க நிறப் பூச்சுள்ள குழாய்களுக்கு வினிகரும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். தரையோ மேடையோ மார்பிள் என்றால் வினிகர் அதன் மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சொட்டிய இடம் மங்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஆசிட், வினிகர் எதனோடும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வெஸ்டர்ன் கிளாசெட் மாற்றப் போகிறோம். என்ன அளவு எடுக்க வேண்டும்?

கழிவு தரை வழியாகப் போகிறதா, சுவர் வழியாகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். தரை வழி என்றால் எஸ் டிராப், சுவர் வழி என்றால் பி டிராப். எஸ் டிராப்புக்கு, சுவரிலிருந்து தரைத்துளையின் மையம் வரை அளக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து அளப்பதுதான் கணக்கு. டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை என்றால் அதன் தடிமனையும் அடியில் வரும் கலவையின் தடிமனையும் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கழித்தலை விட்டுவிட்டதால் கடைக்குத் திரும்பிப் போகும் கிளாசெட்டுகள் ஏராளம். பி டிராப்புக்குத் தரையிலிருந்து துளை மையத்தின் உயரம் தேவை.

பழைய ஃபிளஷ் டேங்கையே வைத்துக்கொள்வதானால், அதில் சமையல் நிறப்பொடியைக் கொஞ்சம் கரைத்துவிட்டு 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் அடி வாஷர் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: விருந்தினர் குளியலறையில் யாரும் குளிப்பதில்லை. சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நாற்றம்.

யாரும் குளிக்காததுதான் காரணம். தரை வடிகாலின் அடியில் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. அது வற்றிவிட்டால் வழி திறந்துவிடும். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் வெளியூர் போவதானால் தண்ணீருக்கு மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது.

கேள்வி: வாஷ்பேசின் அடியில் உள்ள அலமாரியின் கீழ்ப்பகுதி உப்பிவிட்டது. காயவைத்தால் சரியாகுமா?

பார்ட்டிகிள் போர்டு என்றால் ஆகாது. மரத்துகள்களை அழுத்திச் செய்த பலகை அது, ஒருமுறை உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது. அந்தப் பலகையை மட்டும் மாற்றுங்கள். புதியது பீனால் பசையில் ஒட்டிய நீர்தாங்கும் பிளைவுட்டாக இருக்கட்டும். யூரியா பசை பிளைவுட் ஈரத்தில் அடுக்கடுக்காகப் பிரியும். எந்தப் பலகையானாலும் தண்ணீர் ஏறுவது முகப்பு வழியாக அல்ல, வெட்டிய விளிம்பு வழியாக. சைஃபன் பைப்புக்காகப் போட்ட ஓட்டையின் உள்விளிம்பு உட்பட எல்லா விளிம்புகளுக்கும் இரண்டு கை எபாக்ஸியோ வார்னிஷோ பூசுங்கள். அலமாரி தரையைத் தொடாமல் 10 சென்டிமீட்டராவது மேலே நிற்கட்டும்.

கேள்வி: சாப்பாட்டு மேஜையில் சூடான பாத்திரம் வைத்த இடத்தில் வெள்ளை வளையம். பூச்சாடி இருந்த இடத்தில் கறுப்பு வளையம். இரண்டையும் எப்படிப் போக்குவது?

இரண்டும் வெவ்வேறு நோய். வெள்ளை வளையம் என்றால் ஈரம் பாலிஷ் படலத்துக்குள் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது, மரம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் காற்றாட விடுங்கள், சில தானாகவே மறையும். மறையாவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி இரவு விட்டுக் காலையில் துடையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, நீராவி இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை மூன்று நான்கு விநாடி மட்டும் வைத்து எடுங்கள். துணியைத் தூக்கிப் பாருங்கள். தேவைப்பட்டால் மறுபடி வையுங்கள். பாலிஷ் இளகி துணியில் ஒட்டுவது போல் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கறுப்பு வளையம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும், தண்ணீரோடு வந்த இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய கறை அது. மேலே எதைத் தேய்த்தும் பயனில்லை. அந்தப் பலகையின் பாலிஷை முழுக்க எடுத்த பிறகு, ஒரு லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 60 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து, கறைக்கு மட்டுமல்லாமல் பலகை முழுவதற்கும் பூசுங்கள். கறைக்கு மட்டும் பூசினால் அங்கே வெளுத்த திட்டு விழும். காய்ந்ததும் நிறையத் தண்ணீரால் துடைத்து, சமையல் சோடா கரைசலால் ஒருமுறை துடைத்து, மறுபடி தண்ணீரால் துடையுங்கள். இது விஷம். கையுறை, கண்ணாடி வேண்டும். காய்ந்த பிறகு உப்புத்தாள் போடும்போது கிளம்பும் தூசும் மூச்சில் போகக் கூடாது.

கேள்வி: மரச்சாமான்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கிறது. தொடரலாமா?

வேண்டாம். தேங்காய் எண்ணெய் உலராத எண்ணெய். பிசுக்காகவே நின்று தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாளடைவில் சிக்கு வாடையும் அடிக்கும். ஆளி விதை எண்ணெய் காற்றில் கெட்டிப்பட்டுப் படலமாகும், அதனால்தான் தச்சர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது பாலிஷ் இல்லாத வெறும் மரத்துக்குத்தான்.

உங்கள் மேஜையில் என்ன பாலிஷ் இருக்கிறது என்று தெரியாமல் எதையும் பூச வேண்டாம். அடிப்பக்கம் மறைவான இடத்தில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஒன்றும் ஆகாவிட்டால் தின்னரில் சோதியுங்கள். இளகினால் லேக்கர். அதற்கும் அசையவில்லை என்றால் பியூ (பாலியூரிதேன்), மெலமைன் வகை. இந்த வகைக்கு ஈரம் பிழிந்த துணியும் உடனே ஒரு காய்ந்த துணியும் போதும், எண்ணெய் உள்ளே இறங்கவே இறங்காது. அரக்குப் பாலிஷுக்கு வருடம் ஒன்றிரண்டு முறை மெழுகை மிக மெல்லியதாகத் தடவித் தேய்த்தெடுக்கலாம். சிலிக்கான் கலந்த ஸ்பிரேக்களைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் புது பாலிஷ் அடிக்கும்போது அது ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அது தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

கேள்வி: கட்டிலுக்கு அடியில் தினமும் பொடி கொட்டுகிறது. கரையானா?

பொடியை விரலில் தேய்த்துப் பாருங்கள். நைஸான மாவாக இருந்து, கட்டையில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வட்டத் துளைகள் தெரிந்தால் மரத்துளைப்பான் வண்டு. கசகசா அளவில் பட்டை பட்டையான மணிகளாக இருந்தால் உலர்மரக் கரையான். மண் வரிகள் சுவரிலிருந்து ஏறியிருந்தால் நிலக் கரையான். கடைசியாகச் சொன்னதற்குக் கட்டிலுக்கு மருந்தடித்துப் பயனில்லை, கட்டடத்துக்கே மருந்து வைக்க ஆள் கூப்பிட வேண்டும்.

மாவு உதிர்க்கும் வண்டு பெரும்பாலும் மரத்தின் வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், அதில்தான் மாவுச்சத்து உண்டு. தேக்கானாலும் வெள்ளை விழுந்த கட்டை தப்பாது. வைரம் பாய்ந்த பகுதியை அது தொடுவதில்லை. நீங்கள் பார்க்கும் துளை, வண்டு வெளியேறிய துளை. இருக்கும் துளைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, பொடியைத் துடைத்துவிட்டு ஒரு மாதம் கவனியுங்கள். வட்டமில்லாத புதுத் துளை வந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. புழுவைக் கொல்லும் போரேட் கரைசல் பாலிஷைத் தாண்டி இறங்காது. ஆகவே பாலிஷை எடுத்த கட்டையில் இரண்டு மூன்று கை பூச வேண்டும். துளைகளுக்குள் ஊசியாலும் செலுத்தலாம். ஒரே ஒரு சட்டம்தான் வெள்ளைக் கட்டை என்றால், அதை மாற்றிவிடுவது மருந்தைவிடச் சுலபம்.

கேள்வி: நாற்காலி ஆடுகிறது. ஆணி அடித்தால் நிற்குமா?

கொஞ்ச நாள் நிற்கும், பிறகு ஆணி அடித்த இடத்திலேயே பிளக்கும். மூட்டைக் கழற்றிப் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, மரம் தெரியும்படி செய்யுங்கள். காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. மேலே மேலே பசை ஊற்றிப் பலர் தோற்பது இதனால்தான். முதலில் பசையில்லாமல் மாட்டிப் பாருங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மெல்லிய மரச்சீவலை ஒட்டி நிரப்புங்கள். பிறகு இரு பக்கமும் மெல்லியதாகப் பசை தடவி மாட்டி, நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் குச்சி செருகி முறுக்குங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே நாற்காலியைச் சமதரையில் வைத்து நான்கு காலும் படிகிறதா என்று பாருங்கள். 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது.

கேள்வி: மழைக்காலத்தில் மேஜை இழுப்பறை திறக்க வருவதில்லை. சீவிவிடலாமா?

அந்தச் சமயத்தில் சீவாதீர்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி அகல வாக்கில் விரிந்திருக்கிறது. இப்போது சீவினால் வெயில் காலத்தில் இடைவெளி விழுந்து ஆடும். உரசும் இடங்களில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் மெழுகே நல்லது. எங்கே உரசுகிறது என்று சாக்பீஸால் குறித்து வைத்துக்கொண்டு, மரம் காய்ந்த பருவத்தில் அந்த இடத்தை மட்டும் 180 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தேய்த்த இடத்துக்கு ஒரு கை வார்னிஷ் பூசுங்கள். பூசாமல் விட்டால் அடுத்த மழையில் அதே இடம்தான் முதலில் ஈரம் குடிக்கும்.